கால்பந்துச் சீட்டும் கரையான் தின்ற ஏடும்

உலகத்தில் மனிதர்கள் சேகரிக்காத பொருள் ஏதேனும் உண்டா என்று யோசித்துப் பார்த்தால், இல்லையென்றே சொல்லத் தோன்றுகிறது. தபால் தலை சேகரிப்பவர் உண்டு. பழங்காசு சேகரிப்பவர் உண்டு. தீப்பெட்டியின் மேல் ஒட்டிய சித்திரத்தைக் கிழியாமல் உரித்தெடுத்து நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பவரும் உண்டு. நவராத்திரிக்கு நவராத்திரி இரண்டு பொம்மையேனும் புதிதாக வாங்கிக் கொலுப்படியில் சேர்க்கும் நம் வீட்டுப் பெண்மணிகளும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. இப்போது நம் பிள்ளைகளும் இதில் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் சேகரிப்பது கால்பந்து வீரர்களின் படச் சீட்டுகள்.

மாலையில் பள்ளிக்கூட மணி அடித்ததும் சீர்காழிப் பெட்டிக்கடை வாசல்களில் சிறுவர்கள் கூடிவிடுகிறார்கள். ஒருவன் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட சீட்டுக் கட்டு வெளிவருகிறது. "என்னிடம் ரொனால்டோ இரண்டு இருக்கிறது. மெஸ்ஸி கொடுத்தால் ஒன்று தருகிறேன்" என்று அவன் பேரம் தொடங்குகிறான். அதற்கு மேல் நடக்கும் வாதப் பிரதிவாதங்களைக் கேட்டால் நம் ஊர் நெல் தரகர்கள்கூடச் சற்று நின்று கவனிப்பார்கள். வீட்டிலோ வேறு வாதம் நடக்கிறது. "காசைக் காகிதத்தில் கொட்டுகிறானே!" என்று தாயார் வருந்துகிறார். "இந்தச் சிரத்தையில் கால் பங்கு கணக்குப் பாடத்தில் இருக்கக் கூடாதா?" என்று தகப்பனார் கேட்கிறார்.

பிள்ளைகளோடு பல்லாண்டு பழகியவர்கள் என்ற முறையில் இந்த வழக்கில் நம் அபிப்பிராயத்தையும் சொல்லலாம் என்று எண்ணுகிறோம். சீட்டுச் சேர்ப்பது குற்றமன்று என்பது நம் கட்சி. ஆனால் எந்தச் சீட்டை, எதற்காக, எப்படிச் சேர்ப்பது என்பதில் பெரியவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது. அதை நாம் செய்யத் தவறினால் நம் தேசத்துப் பந்தாட்டத்தின் கதையில் பாதி, பழைய காகிதக் கடையின் தராசுத் தட்டில் போய்விடும்.

சிகரெட்டுப் பெட்டியில் பிறந்தது

இந்தச் சீட்டின் பூர்வோத்தரம் அவ்வளவு மேன்மையானதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் கடைசியில் சிகரெட்டுகள் மெல்லிய காகிதப் பொட்டலங்களில் விற்கப்பட்டன. அவை நசுங்காமல் இருப்பதற்காக உள்ளே ஒரு கெட்டி அட்டை வைத்தார்கள். வெறும் அட்டையாக வைப்பானேன் என்று எண்ணிய வியாபாரிகள் அதில் படம் அச்சிட்டார்கள். நாடகக்காரிகள், போர்க் கப்பல்கள், பறவைகள், பிறகு விளையாட்டு வீரர்கள் என்று படங்கள் வரிசையாக வந்தன. புகைப்பவர் அட்டையை எறிந்துவிடுவார். அவருடைய பிள்ளை அதைப் பொறுக்கிக் கொள்வான். தொகுதியைப் பூர்த்தி செய்ய வேண்டும் என்ற ஆசையில் அதே சிகரெட்டை வாங்கும்படி தகப்பனாரை நச்சரிப்பான். தந்தையின் பழக்கத்தைப் பிள்ளையின் ஆசையால் கட்டிப் போட்ட சாமர்த்தியத்தை நாம் மெச்ச வேண்டியதில்லை.

கால்பந்துக்கு மட்டும் இதைவிடச் சுத்தமான ஒரு பிறப்பும் உண்டு. இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்துப் பெயின்ஸ் என்பவர் 1880-களிலேயே புகையிலையின் துணையில்லாமல் கால்பந்துச் சீட்டுகளைச் சிறு பொட்டலங்களாக விற்றார். அவற்றில் பல, கேடயம் போன்ற வடிவில் வெட்டப்பட்டவை. பிற்பாடு பெரிய சிகரெட்டுக் கம்பெனிகள் தொகுதிக்கு 50 சீட்டு என்ற கணக்கில் ஆட்ட வீரர்களை வெளியிட்டன. இரண்டாம் உலகப் போரின் காகிதப் பஞ்சத்தால் 1940-ல் இங்கிலாந்தில் அந்த வழக்கம் நின்றது.

இன்று உலகமெங்கும் பெயர் பெற்ற முறை இத்தாலியில் தோன்றியது. மோடெனா நகரத்தில் பத்திரிகைக் கடை வைத்திருந்த பனினி குடும்பத்துச் சகோதரர்கள் 1961-ல் இத்தாலிய ஆட்ட வீரர்களின் படங்களையும் அவற்றை ஒட்டுவதற்கான ஆல்பத்தையும் வெளியிட்டார்கள். சகோதரர்களில் ஒருவரான உம்பர்ட்டோ, படங்களைக் கலந்து பொட்டலமிடும் இயந்திரத்தையே அமைத்தார். 1970-ல் மெக்ஸிகோ உலகக் கோப்பைக்கு முதல் சர்வதேச ஆல்பம் வந்தது. 2022-ம் ஆண்டு உலகக் கோப்பையின்போது அர்ஜென்டீனா தேசத்தில் படங்களுக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அரசாங்கத்தின் வர்த்தகச் செயலாளரே கம்பெனிக்காரர்களையும் கடைக்காரர்களையும் அழைத்துப் பேசும்படி ஆயிற்று. நம் ஊரில் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் நடந்த பேச்சு, அங்கே படத்துக்கு நடந்தது!

தகப்பனார் கேட்ட கணக்கு

கணக்குப் பாடத்தில் சிரத்தை வேண்டும் என்ற தகப்பனாருக்கு ஒரு செய்தி. இந்தச் சீட்டுக் கட்டுக்குள்ளேயே நல்ல கணக்கு ஒன்று ஒளிந்திருக்கிறது.

ஒரு தொகுதியில் 50 சீட்டு என்று வைத்துக் கொள்வோம். எல்லாச் சீட்டும் சம அளவில் அச்சிடப்பட்டவை. கண்ணை மூடிக் கொண்டு ஒவ்வொன்றாக வாங்குகிறோம். முதற் சீட்டு எதுவானாலும் புதியதுதான். பாதித் தொகுதி சேர்ந்த பிறகு, வாங்குகிற இரண்டில் ஒன்றுதான் புதியது. 49 சேர்ந்துவிட்டதென்றால், கடைசிச் சீட்டு கிடைக்கும் வாய்ப்பு ஐம்பதில் ஒன்று. அந்த ஒன்றுக்காக மட்டும் சராசரியாக இன்னும் 50 சீட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 50 சீட்டுத் தொகுதியைத் தனியாக முடிப்பதற்குச் சராசரியாக 225 சீட்டு ஆகிறது. 2022-ம் ஆண்டு உலகக் கோப்பை ஆல்பத்தில் 670 படங்கள். யாரிடமும் மாற்றிக் கொள்ளாமல் அதை நிரப்புவதற்குச் சுமார் 4,750 படம், அதாவது ஐந்து படப் பொட்டலமாக 950 பொட்டலம் வாங்க வேண்டும். இரட்டையே விழாத அதிருஷ்டசாலிக்கு 134 பொட்டலம் போதும்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் குறைக்க ஒரே வழி நண்பர்கள்தாம். என்னிடம் இரண்டாக இருப்பது உன்னிடம் இல்லாதது. உன்னிடம் இரண்டாக இருப்பது எனக்கு வேண்டியது. மாற்றிக் கொள்ளக் கொள்ள இருவர் செலவும் குறைகிறது. தனித்து நிற்பவன் எவ்வளவு பணக்காரனாயினும் திண்டாடுவான். பத்துப் பேரோடு பழகுபவன் ஏழையாயினும் ஆல்பத்தை முடிப்பான். பெட்டிக்கடை வாசலில் நடக்கும் பேரத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதைக் கலைத்து விரட்டப் பெற்றோருக்கு மனம் வராது என்று நம்புகிறோம். சீட்டை வைத்துப் பந்தயம் கட்டுவது வேறு விஷயம். அதைக் கண்ட இடத்தில் கண்டிக்க வேண்டும்.

விலையும் மதிப்பும்

பிள்ளைகள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று: "சார், இதை வைத்திருந்தால் பிற்காலத்தில் லட்சக் கணக்கில் விற்கலாமாமே?"

விற்ற கதைகள் உண்மைதான். அமெரிக்காவில் ஹோனஸ் வாக்னர் என்னும் பேஸ்பால் வீரரின் சீட்டு 1909-ம் ஆண்டை ஒட்டிச் சிகரெட்டுப் பெட்டிகளில் வந்தது, விரைவிலேயே நின்றுபோயிற்று. குழந்தைகள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்பர் சிலர். தமக்குப் பணம் தராததால் தடுத்தார் என்பர் வேறு சிலர். எப்படியிருந்தாலும் உலகில் அந்தச் சீட்டு மிகச் சிலவே எஞ்சியுள்ளன. அவற்றில் ஒன்று 2022-ல் 72½ லட்சம் டாலருக்கு விலைபோயிற்று. 1986-ல் இங்கிலாந்துக்கு எதிராகக் கையால் பந்தைத் தட்டிக் கோல் போட்ட மரடோனா அன்று அணிந்திருந்த சட்டை, 2022-ல் லண்டன் ஏலத்தில் 71 லட்சம் பவுனுக்கு மேல் போயிற்று. ஆட்டம் முடிந்ததும் அதை அவரோடு மாற்றிக் கொண்ட ஆங்கில வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ்தான் அத்தனை ஆண்டுகளாக அதைக் காத்துவந்தவர்.

ஆயினும் இந்தக் கதைகளைக் கேட்டுவிட்டுச் சேகரிக்கத் தொடங்குபவன் ஏமாறுவான். வாக்னர் சீட்டு விலைபோனதற்குக் காரணம் மற்றவர்கள் அதை எறிந்துவிட்டதே. எல்லோரும் பத்திரப்படுத்தும் பொருளுக்கு விலை ஏறுவதில்லை. நம் பிள்ளைகள் கையிலுள்ள சீட்டுகளோ பல்லாயிரக் கணக்கில் அச்சாகி, பல்லாயிரம் வீடுகளில் பத்திரமாக இருப்பவை.

வேறொரு செய்தி நம் மனத்தை அதிகம் தொட்டது. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு கால்பந்துச் சங்கம் 1857-ல் தோன்றியது. இன்றும் நடைபெறும் கால்பந்துச் சங்கங்களில் மிகப் பழமையானது அதுவே. ஆட்ட விதிகளைக் கையால் எழுதி வைத்த அதன் பழைய ஏடுகள் 2011-ல் ஏலத்தில் 8,81,250 பவுனுக்கு விலைபோயின. அந்த ஏடுகளை நூற்றைம்பது வருஷம் காத்தவர்கள் யாரும் விலையை எண்ணிக் காத்திருக்க முடியாது. சங்கத்தின் மேலுள்ள பிரியத்தால் காத்தார்கள். ரஸிகனின் சேகரத்துக்கு அடிப்படை அந்தப் பிரியமே. அவன் கையில் உள்ள டிக்கட்டுத் துண்டு வேறொருவனுக்குக் குப்பை. அவனுக்கோ ஒரு மாலைப் பொழுது.

நம் ஆட்டக்காரர்களின் காகிதம் எங்கே?

இப்போது நம் பிள்ளைகளின் சீட்டுக் கட்டை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். போர்ச்சுக்கல், பிரான்ஸ், பிரேஸில், அர்ஜென்டீனா என்று பூகோளப் புத்தகமே வரும். அந்த வீரர்களை ரஸிப்பதில் தவறு ஏதும் இல்லை. நல்ல ஆட்டம் எந்தத் தேசத்துக் காலிலிருந்து வந்தாலும் நல்ல ஆட்டமே. ஆனால் அந்தக் கட்டில் நம் தேசத்து முகம் ஒன்றாவது உண்டா? நாம் புரட்டிப் பார்த்த கட்டுகளில் இல்லை.

இல்லாமற் போகும்படி நம் கதை ஏழைக் கதையும் அல்ல. 1911-ம் ஆண்டு ஜூலை 29-ந் தேதி கல்கத்தாவில் மோகன் பகான் சங்கம் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. எதிரிகள் பூட்ஸ் அணிந்த பட்டாளத்தார். நம்மவர் பதினொருவரில் பாதிரியார் சுதீர் சட்டர்ஜி ஒருவரைத் தவிர மற்றவர் வெறுங்காலர். தலைவர் சிவதாஸ் பாதுரி ஒரு கோலும் அபிலாஷ் கோஷ் ஒரு கோலும் போட்டார்கள். ஆளும் ஜாதி, ஆளப்படும் ஜாதி என்ற எண்ணம் வேரோடியிருந்த காலத்தில் அந்த ஒரு மாலை தேசத்தின் முதுகை நிமிர்த்தியது. வங்காளத்தார் அந்தப் பதினொருவரை இன்றும் மறக்கவில்லை. அவர்களுடைய புகைப்படத்தை அச்சிட்டு மாட்டி, ஆண்டுதோறும் ஜூலை 29-ஐக் கொண்டாடுகிறார்கள். 1989-ல் அந்தச் சங்கத்தின் நூற்றாண்டுக்கு நம் தபால் இலாகா தபால் தலை வெளியிட்டது. பின்னர் 1998-ல் கோஷ்ட பால் அவர்களுக்கும், 2018-ல் தாலிமெரன் ஆவ் அவர்களுக்கும் தபால் தலை வந்தது.

தாலிமெரன் ஆவ், சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்த நாகா நாட்டு வைத்தியர். 1948 ஜூலை 31-ந் தேதி லண்டனுக்கு அருகே நடந்த அந்த ஆட்டத்தில் பிரான்ஸ் 2-1 என்று வென்றது. நம்மவருக்குக் கிடைத்த இரண்டு பெனால்டிகளும் வீணாயின. நம் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக முதல் கோல் போட்டவர் அவரே என்பதைத் தமிழ் நாட்டில் எத்தனை வீடுகளில் அறிவார்கள்?

1951-ல் டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈரானை வென்று தங்கம் பெற்றோம். 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்று நான்காம் இடம் அடைந்தோம். அன்று நெவில் டிஸௌஸா மூன்று கோல் போட்டார். 1962 செப்டம்பர் 4-ந் தேதி ஜகார்த்தாவில் தென் கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் ஆசியத் தங்கம் பெற்றோம். அதற்கு முந்திய ஆட்டம் ஒன்றில் தலையில் தையல் போடும்படி அடிபட்டிருந்த ஜர்னைல் ஸிங், கட்டோடு வந்து முன்வரிசையில் ஆடி ஒரு கோல் போட்டார். பயிற்சியாளர் ஸையத் அப்துல் ரஹீம் அடுத்த ஆண்டிலேயே புற்றுநோயால் காலமானார். 2024-ல் வந்த 'மைதான்' என்னும் ஹிந்திப் படத்தின் மூலமாகத்தான் பலர் அவர் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

காகிதத்தைக் காவாதவர்களுக்கு நேரும் கதியையும் ஓர் உதாரணத்தால் சொல்லலாம். 1950-ல் பிரேஸிலில் நடந்த உலகக் கோப்பையில் ஆடும் வாய்ப்பு இந்தியாவுக்கு வந்தது. நம் அணி போகவில்லை. வெறுங்காலோடு ஆட அனுமதி இல்லாததால் போகவில்லை என்று ஊரெல்லாம் ஒரு கதை உண்டு. கால்பந்துச் சம்மேளனம் அப்போது சொன்ன காரணங்களோ, ஆட்டக்காரர் தேர்வில் கருத்து வேற்றுமையும் பயிற்சிக்கு நேரம் போதாமையுமே. ஆயினும் கதைதான் நிலைத்தது. ஏடு இல்லாத இடத்தில் வதந்தி வந்து உட்கார்ந்து கொள்கிறது.

வறுகடலைப் பொட்டலம்

இது தொலைதூரத்து விஷயமன்று. நம் ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறோம்.

கல்கத்தாவில் நெடுங்காலம் உத்தியோகம் பார்த்துவிட்டுச் சீர்காழிக்குத் திரும்பிவந்த பெரியவர் ஒருவர் இருந்தார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் அவர் பேச்சு பாதி விளைச்சலைப் பற்றியும் பாதி ஈஸ்ட் பெங்கால் சங்கத்தைப் பற்றியும் இருக்கும். பரண்மேல் ஒரு தகரப் பெட்டி வைத்திருந்தார். அதில் ஆட்டம் பார்த்த டிக்கட்டுத் துண்டுகள், பத்திரிகைகளிலிருந்து வெட்டிய படங்கள் ஒட்டிய நோட்டுப் புத்தகங்கள், மைதானத்தில் விற்ற அணிப் பட்டியல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் முத்துப் போன்ற எழுத்தில் தேதியும் ஊரும் எழுதியிருப்பார். அந்தப் பெட்டியை நமக்கு ஒரு முறை இறக்கிக் காட்டியிருக்கிறார்.

அவர் காலமான சில மாதங்களில் வீடு பழுதுபார்க்கப்பட்டது. பரண் காலி செய்யப்பட்டது. பெட்டி பழைய இரும்புக்கும், உள்ளே இருந்தவை பழைய காகிதத்துக்கும் எடை போடப்பட்டன. வீட்டாரைக் குறை சொல்வதற்கில்லை. அந்தக் காகிதம் பேசும் பாஷையை அறிந்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவரே.

பிறகு ஒரு நாள் நம் வகுப்பு மாணவன் ஒருவன் எண்ணெய்க் கறை படிந்த தாள் ஒன்றைக் கொண்டுவந்தான். வறுகடலை மடித்துக் கொடுத்த தாள் அது. நெடிதுயர்ந்த கோல்காப்பாளர் ஒருவர் அந்தரத்தில் பாய்ந்து பந்தைப் பிடிக்கும் படம் அதில் ஒட்டியிருந்தது. கீழே "தங்கராஜ், ஜகார்த்தா, 4-9-62" என்று நமக்குத் தெரிந்த முத்தெழுத்து.

"சார், பெயர் தமிழ்ப் பெயராக இருக்கிறதே! இவர் யார்?" என்றான் பையன்.

வகுப்பைக் கேட்டோம். அர்ஜென்டீனாவின் கோல்காப்பாளர் பெயரை இருபது பேர் சொன்னார்கள். தங்கராஜை அறிந்தவர் ஒருவரும் இல்லை. பிறகு நாமே சொன்னோம். ஹைதராபாத்தில் பிறந்த பீட்டர் தங்கராஜ் பட்டாளத்தில் சேர்ந்து, நீலகிரி வெலிங்டனில் உள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டரின் அணியில் பெயர் பெற்றவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டூரண்டு கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளுக்கும் தங்கராஜ் சென்றார். ஆசியாவின் சிறந்த கோல்காப்பாளர் என்று 1958-ல் பாராட்டப்பட்டார். ஜகார்த்தாவின் இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் கோலைக் காத்தவர் அவர்தாம். 1967-ல் அர்ஜுனா விருது பெற்றார். ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்த மற்றொரு தமிழ் நாட்டவர் சைமன் சுந்தரராஜ். கேரளம் 1973-ல் முதன்முதலாக ஸந்தோஷ் கோப்பையை வென்றபோது அதற்குப் பயிற்சி அளித்தவர் அவரே என்பதையும் சொன்னோம்.

வகுப்பு முழுவதும் வாய் திறவாமல் கேட்டது. "மற்றத் தாள்கள் எங்கே சார்?" என்று பையன் கேட்டான். அன்று மாலையே நாலைந்து பிள்ளைகள் கடலை விற்பவரைத் தேடிப் போனார்கள். கட்டில் மிச்சம் இருந்தவை வேறு தாள்கள்.

கரையானும் கொள்ளிடக் கரையும்

சீர்காழிக்காரர்களுக்கு இந்தத் துயரம் புதிதன்று. இவ்வூரில் அவதரித்த திருஞானசம்பந்தரின் பதிகங்களுக்கு என்ன நேர்ந்தது? கொள்ளிடத்துக்கு அக்கரையில் சிதம்பரத்தில் ஓர் அறையில் மூவர் ஏடுகளும் பூட்டிக் கிடந்தன. இராஜராஜ சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் சென்று திறந்தபோது கரையான் புற்று மூடிப் பெரும் பகுதி செல்லரித்துப் போயிருந்தது. எஞ்சியவற்றையே நாம் இன்று தேவாரம் என்று ஓதுகிறோம் என்பது பரம்பரையாக வரும் செய்தி. தெய்வத் தமிழுக்கே இந்தக் கதியானால், பந்தாட்டக் காகிதம் எம்மாத்திரம்! இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது நம் நோக்கமன்று. ஆனால் கரையானுக்கு அந்தப் பேதம் தெரியாது.

காப்பாற்றும் கலையும் நம் நாட்டுக்குப் புதிதன்று. தஞ்சையில் சரபோஜி மன்னர் தேடித் தேடிச் சேர்த்த ஏடுகளும் நூல்களும் இரண்டு நூற்றாண்டு கடந்து சரஸ்வதி மஹாலில் இருக்கின்றன. வேப்பிலையும் வசம்பும் வைத்துச் சுவடி காத்தவர்கள் நம் முன்னோர். நம் டெல்டாப் பிரதேசத்தில் ஐப்பசி, கார்த்திகை ஈரம் காகிதத்தின் முதற் சத்துரு. ஆகவே சேகரிக்கும் பிள்ளைகள் சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

பெட்டியைத் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. கரையான் ஏறும் வழி அதுவே. இராமபாணப் பூச்சி இருட்டையும் ஈரத்தையும் விரும்புவது. ஆகையால் மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து நிழலில் காற்றாட விட வேண்டும். நேர் வெயில் ஆகாது, மை வெளுக்கும். பத்திரிகைத் தாள் மரக் கூழால் ஆனது. தானே பழுத்து நொறுங்கும். எனவே அதை நல்ல வெள்ளைத் தாள்களின் நடுவே வைப்பதோடு, ஒரு நகல் எடுத்தும் வைத்துக் கொள்வது நலம். ஒட்டும் டேப்பு நாளடைவில் பழுப்புக் கறையாக மாறிக் காகிதத்தைத் தின்றுவிடும். படத்தின் நாலு மூலையிலும் சிறு காகித முக்கோணம் செய்து, அதில் செருகி வைப்பதே பழைய ஆல்பக்காரர்களின் நல்ல வழக்கம். சூடு கொடுத்து லாமினேஷன் செய்வதையும் தவிர்க்க வேண்டும். பிறகு பிரிக்க முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பின்புறத்தில் பென்ஸிலால் தேதி, ஊர், ஆட்டம், ஆள் பெயர் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். வறுகடலைப் பொட்டலத்தில் வந்தவரைத் தங்கராஜ் என்று நாம் சொல்ல முடிந்தது அந்த ஒரு வரியால்தான்.

வீட்டுக்கு ஒரு கட்டு

பழையவற்றைக் காப்பது ஒரு பாதி. இன்றைய வீரர்களைச் சேர்ப்பது மறு பாதி. அதற்குக் கம்பெனிக்காரர்கள் சீட்டு அச்சிடும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

2004 டிஸம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை நம் கடற்கரையைச் சூறையாடிற்று. அதில் பெற்றோரை இழந்த பெண் குழந்தைகள் பலர் கடலூரில் கால்பந்து பழகினார்கள். அன்றுமுதல் தமிழ் நாட்டுப் பெண்கள் கால்பந்தில் கடலூர் என்ற பெயர் தனித்து ஒலிக்கிறது. இந்திய அணியின் நடுவரிசையில் ஆடிப் புகழ் பெற்ற இந்துமதி கதிரேசன் அந்த ஊர்க்காரர். தமிழ் நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்றது. மதுரையின் சேது சங்கத்துப் பெண்கள் 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றார்கள். ஆண்களில் சென்னை சிட்டி அணி 2018-19-ல் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. சீர்காழியிலிருந்து கடலூர் பஸ்ஸில் போய் வரும் தூரந்தான். ஆனால் பாரிஸ் நகரத்து முகங்களை அறிந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஊர் முகங்கள் தெரிவதில்லை.

ஆகையால் நாம் சொல்லும் யோசனை இது. ஒரு கெட்டி அட்டையைச் சீட்டு அளவுக்கு வெட்டுங்கள். பத்திரிகையில் வந்த படத்தை ஒரு புறம் பொருத்துங்கள். படம் கிடைக்காவிட்டால் பிள்ளையே வரையட்டும். மறுபுறத்தில் வீரரின் பெயர், ஊர், ஆண்டு, மறக்கக் கூடாத ஓர் ஆட்டம் ஆகியவற்றைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். ராமன், தங்கராஜ், சுந்தரராஜ், இந்துமதி என்று தொடங்கலாம். தெருவுக்குத் தெரு ஒருவன் ஒரு சீட்டுச் செய்து மூன்று படி எடுத்தால், மாற்றிக் கொள்ளவும் இரட்டைகள் கிடைக்கும். நம் வகுப்பில் இந்த முயற்சி தொடங்கிவிட்டது. ஐம்பது சீட்டுத் தொகுதி என்று தீர்மானித்திருக்கிறார்கள். இதுவரை பதினேழு ஆகியிருக்கிறது. பதினெட்டாவது சீட்டுக்காக ஒரு மாணவி பல வருஷங்களாகப் பேசாத தன் பெரிய தாத்தாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். அவர் பந்தாட்டக்காரராம்!

மெஸ்ஸியின் சீட்டைப் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்க வேண்டாம். அதன் பக்கத்தில் வைப்பதற்கு நம்மவர் சீட்டு ஒன்று கொடுங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமை பரண்மேல் ஏறிப் பாருங்கள். ஒரு கோப்பை, ஓர் அணிப் புகைப்படம், பழைய பள்ளிக்கூடப் பந்தாட்டச் சான்றிதழ் ஏதேனும் அகப்படலாம். அகப்பட்டால், வீட்டிலுள்ள பெரியவரிடம் எடுத்துச் சென்று, படத்தில் நிற்பவர்கள் யார் யார் என்று வரிசையாகக் கேட்டுப் பின்புறத்தில் எழுதிக் கொள்ளுங்கள். கேட்பதற்கு அவர் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.